பாசி இலைக்குள் நடமாட்டம்

இந்த ஆண்டு சாரல் தாமதம். வைகாசிக் கடைசியில் விழுந்திருக்க வேண்டிய முதல் தூறல், ஆனி பிறந்த பிறகுதான் விழுந்தது. ஊர் நடப்புகளை நாள்வாரியாக எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அது விழுந்த வெள்ளிக்கிழமைக்கு நேராக இரண்டு வரிகள் எழுதினேன். குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் விழத் தொடங்கியது. வீட்டுக்கு மைக்ராஸ்கோப் வந்தது.

என் மனைவி அதைப் பழைய துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அவள் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறாள். நான் தென்காசியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். குத்துக்கல்வலசையில் வீடு. இந்த வீட்டில் ஆணி, பெயிண்ட் பற்றிப் பேச்சு நடக்கும். பாடத்திட்டம் பற்றியும் நடக்கும். மைக்ராஸ்கோப் மட்டும் அதுவரை வந்ததில்லை.

வந்த காரணம் இதுதான். பிளஸ் ஒன் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. வணிகவியலுக்கும் கணினிக்கும் பிள்ளைகள் வரிசையில் நிற்க, உயிரியல் பிரிவில் ஒரு பெஞ்சுகூட நிறையவில்லை. திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். அதற்குப் பிறகும் ஆள் சேரவில்லையென்றால் இந்த ஆண்டே பிரிவை மூட வேண்டியதுதான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பிரிவை மூடினால் என் மனைவி உபரி ஆசிரியை. பணிநிரவல் என்று ஒரு தாள் வரும். எந்த மாவட்டத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்துபோகும் வாழ்க்கை எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு நடக்கிறது. அதை வாராவாரம் பார்க்கிறோம்.

"கூட்டத்துல ஒவ்வொரு பிரிவுக்கும் கொஞ்ச நேரம் பேச விடுவாவ. நான் பேசப் போறதில்ல. உயிரோட இருக்குற செல்ல, உள்ள அசையுறதோட காட்டப் போறேன்" என்றாள்.

"இத்தன வருசம் படத்த வச்சுத்தான நடத்துன?"

"படம் அசையாதுல்லா. அசையாதத காட்டி இதுதான் உயிரியல்னு சொன்னா எந்தப் பிள்ள வரும்?"

அதை அவளே ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள், பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது. நீரில் வளரும் பாசியின் இலைக்குள் பச்சை மணிகள் வரிசையாக ஓடியதாம். அதற்குப் பிறகு பள்ளி, திருத்த வேண்டிய தாள்கள், தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை. பள்ளி மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோல் பார்ப்பதோடு சரி. அதனால்தான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் பழகிப் பார்க்க அனுமதி கேட்டு அதை வாங்கி வந்திருந்தாள்.

சனிக்கிழமை நான் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். முதலில் வெங்காயத் தோல். கண்ணாடித் துண்டில் தண்ணீர்ச் சொட்டு விட்டு, தோலைச் சுருக்கமில்லாமல் விரித்து, மெல்லிய கண்ணாடியை ஒரு பக்கம் ஊன்றி மெதுவாகச் சாய்த்தாள். காற்றுக்குமிழ் சிக்காமல் இருக்க அப்படித்தான் சாய்க்க வேண்டுமாம். பார்த்தேன். நீள நீளமான அறைகள், சுவரோடு சுவர் ஒட்டி, தளத்தில் ஓடு பதித்ததுபோல. ஆனால் எந்தக் கொத்தனாரும் இவ்வளவு இடைவெளி இல்லாமல் பதித்து நான் பார்த்ததில்லை.

செல் என்ற பெயரின் கதையை நான் படித்திருக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் ஒருவர் தக்கையைச் சீவி லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். தெரிந்தவை வெற்று அறைகள். அதனால் சிற்றறை என்று பொருள்படும் சொல்லை வைத்தார். தக்கையோ செத்த பொருள். உள்ளே குடியிருந்தது எப்போதோ போய்விட்டது. ஆளில்லாத வீட்டைப் பார்த்து வைத்த பெயர்தான் இன்றுவரை நிற்கிறது. இதை மனைவியிடம் சொன்னேன்.

"ஆள் இருக்குற வீட்டத்தான் நான் தேடுதேன்" என்றாள்.

பிறகு ஒரு பல்குத்தும் குச்சியால் என் கன்னத்தின் உட்பக்கத்தை லேசாக வழித்து, கண்ணாடியில் தேய்த்து, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டாள். இதற்குச் சுவர் இல்லை. ஓரம் மடங்கிய அப்பளம்போல ஒழுங்கற்ற வடிவம், நடுவில் அடர்நீலப் புள்ளி. அதுதான் உட்கரு. அதற்குள் என் தகப்பனார் பாதியும் தாயார் பாதியும் எழுதிக்கொடுத்த முழு விவரமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றிய கூழில் இந்தக் கருவிக்குத் தெரியாத இன்னும் பல இருக்கின்றன என்றாள். உட்கருவிலிருந்து வரும் நகலைப் படித்துப் புரதம் கோக்கும் ரைபோசோம்கள். கோத்த புரதத்தைப் பக்குவப்படுத்திப் பொதிந்து அனுப்பும் கோல்கை உறுப்பு. தின்ற சோற்றைச் செலவழிக்கத்தக்க சக்தியாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியா.

மைட்டோகாண்ட்ரியா என்றதும் நான் குறுக்கிட்டேன். நாள் தேதி குறித்துவைக்கிறவனுக்கு அதன் வரலாற்றைவிட ருசியான வரலாறு இல்லை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் வெகு முன்னால் அது தனியாகத் திரிந்த பாக்டீரியா. ஒரு பெரிய செல் அதை உள்ளே இழுத்தது, செரிக்காமல் விட்டது. உள்ளே வந்த அதுவும் வெளியே போகவில்லை. அது கொண்டுவந்த சொந்த டிஎன்ஏ ஏட்டின் சில பக்கங்கள் இன்னமும் அதனிடமே இருக்கின்றன. நமக்கு அவை தாய்வழியாக மட்டுமே வருகின்றன. கல்வெட்டுக்கு நூற்றாண்டு சொல்லத் தெரிந்தால் பெருமைப்படுகிறோம். என் கன்னத்தில் அதைவிடப் பழைய ஆவணம் இருக்கிறது, தினமும் அதைத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கிறேன்.

"இதெல்லாம் திங்கக்கெழம பேசிராதீய. பிள்ளைய ஓடிரும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியின் அண்ணன் ஆலங்குளத்திலிருந்து வந்து இறங்கினார். வயலில் சின்ன வெங்காயமும் மிளகாயும் போடுகிறவர். சாரல் விழுந்த செய்தி கேட்டதும் வருவார், ஆண்டு தவறாது. அருவிக்கரையில் எண்ணெய், சோப்பு, சீயக்காய் எதற்கும் இப்போது அனுமதி இல்லை. அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்று தலையிலிருந்து கால்வரை செக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, பழைய வேட்டியோடு என் வண்டியில் பின்னால் ஏறிக்கொள்வார். அருவியில் தேய்க்க ஒன்றும் கிடையாதாகையால் பாதி எண்ணெய் தண்ணீரோடு போகும், பாதி அவரோடு திரும்பி வரும். வண்டி சீட்டில் அதன் தடம் ஆவணிவரை இருக்கும்.

அன்றும் அப்படியே போய்வந்தோம். திரும்பும் வழியில் ஒரு குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தினேன். மனைவி கேட்டது அங்கேதான் இருந்தது. பாடப்புத்தகத்தில் ஹைட்ரில்லா, எங்களுக்கு வெறும் பாசி. தண்டைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சின்ன இலைகள். மச்சான் முழங்கால்வரை இறங்கி ஒரு கை அள்ளி, தூக்குவாளியில் போட்டார்.

"மாப்ள, இதத் திங்க மாடுகூட யோசிக்கும். என் தங்கச்சி இத வச்சா வேலயக் காப்பாத்தப் போறா?"

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஓர் இலையைக் கிள்ளி எடுத்தாள். இரண்டு முறை அது கண்ணாடியில் மடிந்து ஒட்டியது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, தள்ளு. நாத்து நட்ட கை இது. நான் வைக்குதேன்."

இலையை அவரே விரலால் எடுத்து வைத்து, மெல்லிய கண்ணாடியையும் அவரே மூடினார். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஓடுது. உருண்ட உருண்டயா ஓடுது."

நான் பார்த்தேன். உண்மைதான். காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் மாசில்லாத வட்டங்கள். ஓரம் கறுப்பு, நடுவில் ஒளி. பெரியதும் சிறியதுமாக மிதந்து நகர்ந்தன. இரண்டு மோதி ஒன்றாயின. நானும் மச்சானும் மாறி மாறிப் பார்த்தோம். உயிரின் அடிப்படை இவ்வளவு அழகான வட்டமா என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. மனைவி முகத்தில் அவ்வளவு வெளிச்சம் அந்த வாரம் முழுக்க வந்ததில்லை. கடைசியாக அவள் பார்த்தாள். நிமிர்ந்தாள். அண்ணன் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

"அண்ணே, இது என்ன எண்ணெ?"

"நம்ம செக்கு எண்ணெதான். ஏன்?"

"நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் அதத்தான் பாத்தீய."

மச்சான் தன் விரலைப் பார்த்தார். "அப்ப என் எண்ணெக்கு உயிர் இருக்குன்னு சொல்லு" என்றார். மூவரும் சிரித்தோம். ஆனால் மனைவியின் சிரிப்பு சீக்கிரம் நின்றது.

அவரைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லிவிட்டு, புதுக் கண்ணாடியில் புது இலையைத் தானே வைத்தாள். இந்த முறை இலை தெளிவாகவே தெரிந்தது. செங்கல் அடுக்கியதுபோல் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுவரோரம் பச்சைப்பயறு ஒட்டவைத்ததுபோல் பசுங்கணிகங்கள். வெயிலைப் பிடித்து உணவு செய்பவை அவைதான். எல்லாம் இருந்தன, எதுவும் அசையவில்லை. இன்னோர் இலை எடுத்தாள். அதிலும் நின்றது நின்றபடி. நடுநரம்புக்குப் பக்கத்தில் பார்த்தாள். அங்கேயும் அப்படியே.

"நிக்குற பஸ்ஸக் காட்டி, ஓடும் ஓடும்னு சொல்லி டிக்கெட் குடுக்கப் போறியா?" என்றார் அண்ணன். கேலிதான். ஆனால் சொன்ன பிறகு தங்கை முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, படத்தையே காட்டிருவோம் பிள்ள" என்று குரலை இறக்கினார்.

அவள் இலையைக் கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மதியம் என்று சொல்ல முடியாத வெளிச்சம். நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"நீ காலேஜ்ல பாத்தது எந்த மாசம்?"

"இவரு தேதி கேக்காம தண்ணி குடிக்க மாட்டாரு" என்றார் மச்சான்.

"பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தி. பங்குனி இருக்கும். ஜன்னலோரம் வெயில் அடிச்சுது, லேப் கோட்டுக் காலரெல்லாம் வேர்வ" என்றாள். சொல்லிவிட்டு, ஈரத்தலையோடு நின்ற அண்ணனுக்குத் துண்டு எடுக்க உள்ளறைக்குப் போனாள்.

சாரல் காலத்தில் எங்கள் பக்கத்தில் துணி காயாது. நாள் கணக்கில் கொடியில் தொங்கி நாறும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு ஏற்பாடு. பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, உள்ளே பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, துணியைக் கூடைமேல் பரப்பிவிடுவோம். எல்லோரும் எல்இடிக்கு மாறிய பிறகும் என் கடையில் குண்டு பல்பு வைத்திருப்பதற்குக் கோழிப்பண்ணைக்காரர்களும் இந்தக் கூடையும்தான் காரணம். மனைவி அதன்மேல் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணனிடம் கொடுக்கவில்லை. கன்னத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"பங்குனி" என்றாள். "அது வெயில்ல கெடந்த பாசி. இது குளுந்து போய்க் கெடக்கு. குளுருல எல்லாமே மந்தமாத்தான் நடக்கும். வெளிச்சமும் இல்ல, சூடும் இல்ல, எப்பிடி ஓடும்?"

ஒரு கண்ணாடி டம்ளரில் பாசியைப் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, கூடைக்குள் பல்புக்குச் சற்றுத் தள்ளி வைத்தாள். மேலே மச்சானின் வேட்டியும் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து அவர் வேட்டியைத் தொட்டுப் பார்த்து, "எனக்குக் காஞ்சுட்டு. உனக்கு என்ன நெலவரம்?" என்றார்.

அவள் இலையை வைத்துப் பார்த்தாள். திருகாணியை லேசாகத் திருப்பினாள். நிறுத்தினாள். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. அவளுடைய இன்னொரு கை மேஜையைத் தடவி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

என்னால் முடிந்தவரை சரியாகச் சொல்கிறேன். ஒரு செல். அதன் நடுவில் தண்ணீர்ப்பை. கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும் பெரிய இடம். சுவருக்கும் பைக்கும் இடையில் ஒடுக்கமான சந்து. அந்தச் சந்தில் பசுங்கணிகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. மூலைக்கு வந்தால் வேகம் குறைந்து, திரும்பி, அடுத்த சுவரோடு போகின்றன. ஒன்று தடுமாறினால் பின்னால் வருவது காத்திருக்கிறது, அல்லது ஒதுங்கிப் போகிறது. பக்கத்துச் செல்லிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. குற்றாலத்தில் கூட்ட நாளில் ஒரு பக்கம் வரிசையாக உள்ளே விட்டு மறுபக்கம் வெளியே எடுப்பார்களே, அந்த நடை. ஆனால் அங்கே விசில் ஊத ஒரு போலீஸ்காரர் உண்டு. இங்கே யாரும் இல்லை.

செல்லை ஓர் ஊருக்கு ஒப்பிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். உட்கரு ஊராட்சி அலுவலகம், மைட்டோகாண்ட்ரியா மின்நிலையம் என்று. ஊரைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் அந்த ஒப்புமை எனக்கு அன்றோடு போய்விட்டது. எந்த ஊரும் இவ்வளவு ஒழுங்காக நடந்து நான் குறித்ததில்லை. தன் சுவரைத் தானே கட்டி, தன்னைத் தானே பழுதுபார்த்து, வேண்டியபோது தன்னைப்போல இன்னொன்றைத் தன்னிலிருந்தே பிரித்துக்கொடுக்கும் ஊர் எங்கே இருக்கிறது?

மச்சான் கடைசியாகப் பார்த்தார். எழுந்து ஓரமாக நின்றுகொண்டார். "தெனமும் இத மிதிச்சுக்கிட்டுல்லா மாட்டக் குளிப்பாட்டுதேன்" என்றார்.

அவர் கிளம்பும்போது மனைவி கேட்டாள். "அண்ணே, அந்த எண்ணெயக் கொஞ்சம் ஊத்திக் குடுத்துட்டுப் போங்க."

"இன்னும் எதுக்கு? கேலி பண்ணவா?"

"இல்ல. தண்ணிக்குள்ள எண்ணெ தனக்குன்னு ஒரு எல்ல போட்டுக்கிடுதுல்லா, யாரும் சொல்லாமலே. செல்லச் சுத்தி இருக்குற சவ்வும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். கொழுப்பு ரெண்டு அடுக்கா நின்னு, தண்ணிய ரெண்டு பக்கமும் ஒதுக்கி வைக்குது. முதல்ல இத காட்டுவேன். அப்புறம் பாசி."

அவர் பாட்டிலையே வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஆட்டோவில் மைக்ராஸ்கோப், தூக்குவாளி, எண்ணெய்ப் பாட்டில், மூங்கில் கூடை, வயரோடு பல்பு எல்லாம் ஏறின. தூக்கி இறக்க நானும் போனேன். பள்ளி நடையில் வணிகவியல் ஆசிரியை கூடையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன டீச்சர், கோழிக்குஞ்சு பொரிக்கப் போறீயளா?"

"ஆமா டீச்சர். பொரிச்சா உங்க பக்கம் ரெண்டு அனுப்புதேன்" என்றாள் என் மனைவி.

கூட்டத்தில் மற்றவர்கள் வேலைவாய்ப்பு பற்றிப் பேசினார்கள். அவள் சொன்னபடியே பேசவில்லை. "வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள். முதலில் எண்ணெய் வட்டங்களைக் காட்டினாள். இது உயிர் இல்லை, ஆனால் உயிர் தன்னைச் சுற்றி இழுத்துக்கொண்ட வேலி இந்த இனத்துச் சரக்கால்தான் ஆனது என்றாள். பிறகு கூடையைத் தூக்கி டம்ளரை எடுத்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒரு கண்ணை மூடிக் குனிந்தார்கள். சிலர் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.

கடையம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா தன் மகளுக்குப் பிறகு குனிந்து பார்த்தார். பீடி சுற்றுகிறவர் என்று அவர் விரல் நுனிகள் சொல்லின. நிமிராமலேயே கேட்டார்.

"யாரு டீச்சர் தள்ளுதா?"

என் மனைவி சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். ஒரு பெரியவர், காற்று தள்ளும் என்றார். ஒரு பிள்ளை, சூடு என்றாள். பிறகு மனைவி சொன்னாள்.

"சூடு வேகத்தத்தான் கூட்டும், தள்ளாது. உள்ள கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரி பாத போட்டிருக்கு. அதும்மேல சின்னச் சின்னப் புரதம், ஒரு கால் எடுத்து ஒரு கால் வச்சு நடக்கும். அது நடக்கும்போது மொத்தக் கூழும் கூடவே போகும், பச்சையும் அதுல போகும்."

"நம்ம உடம்புலயும் இப்பிடி நடக்குமா?"

"பச்ச கெடையாது. மத்தபடி, இப்ப நீங்க கேட்டுக்கிட்டு நிக்கும்போதே நடக்கு."

அந்த அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் மகள் கடைசியில் கணினிப் பிரிவில்தான் சேர்ந்தாள். மாமா ஏற்கெனவே முடிவு செய்திருந்தாராம். அதையும் எழுதிவைத்திருக்கிறேன். வேறு பிள்ளைகள் வந்தார்கள். அன்று மத்தியானம் சிலர், மறுநாள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு இன்னும் சிலர். வகுப்பு நிரம்பி வழியவில்லை. ஆனால் வாரக்கடைசியில் தலைமையாசிரியை, "இந்த வருசம் நடத்துவோம் டீச்சர். அடுத்த வருசத்த அடுத்த ஆனியில பாப்போம்" என்றார்.

செய்தியை மனைவி எனக்குப் போனில் சொன்னபோது நான் கடையில் ஒருவருக்குக் கதவுக் கொண்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆலங்குளத்துக்கும் சொல்லிவிட்டாளா என்று கேட்டேன். சொல்லிவிட்டாளாம். அண்ணன், அது தன் எண்ணெயால் நடந்தது என்றாராம்.

கூடை திரும்பி வரவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தினமும் காலையில் பாசியை அதற்குள் வைத்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறார்களாம். அதைத் திருப்பிக் கேட்க மனைவிக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் கொடியில் கிடந்த ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போன பிறகு, நானே சந்தையில் ஒரு புதுக் கூடை வாங்கினேன். பல்பு என் கடையிலேயே இருந்தது.